குறுமண்வெளித் துறையில் ஒரு சைக்கிள்: எந்த வகைக் கதை உங்களுக்கு வரும் என்று கண்டுபிடிப்பது எப்படி?

கதை எழுதத் தொடங்குகிற எல்லாரும் ஒரு கட்டத்தில் கேட்கிற கேள்வி இது: எனக்கு எந்த வகைக் கதை வரும்? துப்பறியும் கதையா, பேய்க்கதையா, சரித்திரமா, காதலா, அறிவியல் புனைவா? கேட்ட கையோடு பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள், எனக்குப் பேய்ப்படம் என்றால் உயிர், அதனால் பேய்க்கதைதான் எழுதப்போகிறேன் என்று. பார்க்கப் பிடித்ததும் படிக்கப் பிடித்ததும் எழுத வரவேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. சோறு தண்ணி இல்லாமல் துப்பறியும் நாவல் வாசிக்கிற ஒருவருக்கு, எழுத உட்கார்ந்தால் கள்ளனை மறைத்து வைக்கப் பொறுமை இருக்காது. இரண்டாம் பக்கத்திலேயே அவன் எவ்வளவு பாவம் என்று சொல்லத் தொடங்கிவிடுவார். அவர் எழுதவேண்டியது வேறு கதை. அது எது என்பது எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, வகைக்கொரு நாவல் எழுதிப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது? நான் சொல்லப்போவது சின்ன வேலை. ஒரே ஒரு சம்பவத்தை எடுங்கள். அதை வகைக்கு ஒன்றாக, முந்நூறு நானூறு சொல்லில், தொடக்கத்தை மட்டும் எழுதுங்கள். சம்பவம் மாறக்கூடாது. பேய்க்கதைக்கு ஒன்று, காதலுக்கு வேறொன்று என்று எடுத்தால் உங்களை இழுத்தது வகையா சம்பவமா என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போய்விடும்.

சம்பவத்தைத் தேர்வதில் கொஞ்சம் கவனம் வேண்டும். கொலை, விபத்து, ஓடிப்போன பெண் என்று எடுத்தால் அதுவே வகையைத் தீர்மானித்துவிடும். சின்னதாக, ஒரு இடத்தில், ஒரு பொருளைச் சுற்றி, பதில் தெரியாத ஒரு கேள்வியோடு இருந்தால் போதும். இடம் உங்கள் கால் பட்ட இடமாக இருக்கட்டும். சென்னைப் போக்குவரத்து நெரிசலைத் தொலைக்காட்சியில் பார்த்து எழுதுகிற மட்டக்களப்பார் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எடுத்துக்காட்டுக்கு ஒன்று தருகிறேன். மட்டக்களப்பு வாவிக் கரையில் குறுமண்வெளித் துறையடி. மண்டூருக்குப் போகிற பாதை வந்து கட்டுகிற இடம் (வெளியூர்க்காரருக்கு: இங்கே பாதை என்றால் ஆளையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவை). அங்கே ஒரு ஆம்பிளைச் சைக்கிள் மரத்தில் சாய்த்துப் பூட்டியபடி நிற்கிறது. பின் கரியரில் ரப்பர் பட்டியால் இறுக்கிய ஒரு கடைப் பை. பைக்குள் சின்னப் பிள்ளையின் புதுச் சப்பாத்து ஒரு சோடி. வியாழன் பின்னேரம் நின்றது, ஞாயிறு காலையும் நிற்கிறது. துறையடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவர்தான் முதலில் கவனிக்கிறார். அவ்வளவுதான் சம்பவம்.

முதலில் துப்பறியும் கதையாக எழுதிப் பாருங்கள், ஏனென்றால் அதில்தான் சட்டதிட்டம் அதிகம், உங்களுக்கு ஒத்துவருமா இல்லையா என்று சீக்கிரமே தெரிந்துவிடும். இந்த வகைக்கு மட்டும் முடிவு முதலே உங்கள் கையில் இருக்கவேண்டும். உண்மையில் என்ன நடந்தது என்று தனித்தாளில் பத்து வரி எழுதிவைத்துவிட்டு, பிறகு வாசகருக்கு எதைக் காட்டுவது, எந்த ஒழுங்கில் காட்டுவது என்று பின்னாலிருந்து முன்னுக்கு வரவேண்டும். ரொனால்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயக் கத்தோலிக்கக் குரு, தானும் துப்பறியும் கதை எழுதியவர், 1929இல் இந்த வகைக்குப் பத்து விதி போட்டார். முதல் விதி, குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே வந்துபோன ஆளாக இருக்கவேண்டும். இரண்டாவது, அமானுஷ்யத்துக்கு இடமே இல்லை. அவரும் பாதி விளையாட்டாகத்தான் எழுதினார், ஆனால் அதிலிருக்கிற நியாயம் இன்றைக்கும் செல்லும். வாசகருக்கும் துப்பறிபவருக்கும் ஒரே தடயங்கள் கிடைக்கவேண்டும். கடைசி அத்தியாயத்தில் சிங்கப்பூரிலிருந்து இரட்டைச் சகோதரன் வந்திறங்கினால் வாசகர் புத்தகத்தைத் தூக்கி எறிவார், எறியட்டும்.

எங்கள் சைக்கிளுக்கு வருவோம். துறையடியில் நிற்கிற எல்லாரும் என்ன நினைப்பார்கள்? ஆள் சைக்கிளைப் பூட்டிவிட்டு அக்கரைக்குப் போயிருக்கிறான், திரும்பி வரவில்லை. அதனால் பாதைக்காரரிடம் கேட்பதும் வியாழக்கிழமை யார் யார் போனார்கள் என்றுதான். ஆனால் சைக்கிளின் மட்கார்டில் காய்ந்து ஒட்டியிருப்பது களிமண். குறுமண்வெளி எழுவான்கரை, அதாவது வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள கிழக்குப் பக்கம், மணல் பூமி. வயல் களி இருப்பது வாவியின் மேற்குப் பக்கம், படுவான்கரையில். அப்படியென்றால் இந்த ஆள் அக்கரைக்குப் போகவில்லை, அக்கரையிலிருந்து வந்தவன். பாதையால் இறங்கி, சைக்கிளை இங்கே பூட்டி, கால்நடையாகப் பெரிய றோட்டுக்குப் போய் பஸ் ஏறியிருக்கிறான். வாங்கிய சப்பாத்தை எடுத்துப் போகாமல் ஏன் விட்டுவிட்டுப் போனான்? இதைக் கவனிக்கிற தேத்தண்ணிக் கடைக்காரர் உங்கள் துப்பறிபவர். களிமண்ணை நீங்கள் மறைக்கவும் கூடாது, விரல் நீட்டிக் காட்டவும் கூடாது. முதல் பந்தியில் சைக்கிளை வர்ணிக்கும்போது துரு, உடைந்த மணி, களி என்று மூன்றில் ஒன்றாகப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடவேண்டும்.

இன்னொன்று. இந்தியப் படம் பார்த்துவிட்டு எழுதுகிறவர்களின் கதையில் கல்முனைப் பொலிஸ்காரர் எஃப்.ஐ.ஆர் போடுவார். எங்கள் ஊரில் யாரும் அப்படிக் கேட்பதில்லை, "பொலிஸில என்ட்ரி போட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள். பொலிஸிடமிருந்து நீதவானுக்குப் போவது பி அறிக்கை. சடலம் கிடைத்தால் வருபவர் திடீர் மரண விசாரணை அதிகாரி, தேவைப்பட்டால் சட்ட வைத்திய அதிகாரி. தமிழ் மட்டும் தெரிந்த சாட்சியின் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு அதன் கீழ் அவர் கையெழுத்து வைத்தால், அதற்குள் ஒரு கதைத் திருப்பமே ஒளிந்திருக்கிறது. இந்த நடைமுறைகளைத் தெரிந்துகொள்ள ஓய்வுபெற்ற கிராம சேவகர் ஒருவரோடு ஒரு தேத்தண்ணி குடித்தால் போதும், அவர்கள் ஒன்று கேட்டால் ஒன்பது சொல்வார்கள்.

அப்புறம் அதே சேற்றைப் பேய்க்கதைக்குக் கொண்டுபோங்கள். வெள்ளிக்கிழமை கடைக்காரர் பையைத் திறந்து பார்க்கிறார், சப்பாத்தின் அடிப்பாகம் வெள்ளையாக, கடையிலிருந்து வந்தபடி இருக்கிறது. பட்டியை முன்போலவே இறுக்கிக் கட்டிவிடுகிறார். ஞாயிறு காலை திறந்தால் இரண்டு அடியிலும் ஈரச் சேறு. பட்டி அவர் போட்ட முடிச்சோடு அப்படியே இருக்கிறது. துப்பறியும் கதையில் சேறு ஒரு பதில். இங்கே அதுவே கேள்வி, அதற்குப் பதில் சொன்னீர்கள் என்றால் கதை செத்துவிடும். தொதரோவ் என்ற இலக்கிய ஆய்வாளர் 1970இல் எழுதியது இந்த வகையைப் பற்றித்தான்: நடந்ததற்கு உலக வழமைப்படி ஒரு விளக்கம் இருக்கிறதா, அல்லது வேறேதோவா என்று முடிவெடுக்க முடியாமல் வாசகர் தயங்குகிற அந்த நேரம்தான் எல்லாம். அந்தத் தயக்கத்தை எவ்வளவு தூரம் இழுக்க முடியுமோ இழுங்கள். வெள்ளைச்சேலை, நாய் ஊளை, பன்னிரண்டு மணி எதுவும் வேண்டாம். மற்றதெல்லாம் சாதாரணமாக இருக்கவேண்டும். கடைக்காரர் பாலுக்குக் காசு கொடுக்கிறார், மகளுக்குக் காய்ச்சல், கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிறார். ஒரே ஒரு விஷயம் மட்டும் பிசகியிருக்கிறது.

மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று மற்ற ஊர்க்காரர் எங்களைப் பற்றிச் சொல்வது தெரியும்தானே. மந்திரம், கழிப்பு, பரிசாரி என்று இவ்வளவு சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் பிள்ளைகள் மலையாளப் பேய்ப்படத்துப் பங்களாவை எழுதுகிறார்கள். களவெட்டியை, அதாவது நெற்களத்தை, யோசியுங்கள். சூடு மிதிக்கிற இடத்தில் வழக்கமான சொற்களைப் பேசமாட்டார்கள், நெல்லைப் பொலி என்பார்கள், மற்றப் பொருட்களுக்கும் தனிப் பெயர்கள் உண்டு, பூதங்களுக்கு விளங்கக்கூடாதாம். இரவில் களவெட்டியில் ஒருவன் தவறிப்போய் வழக்கமான சொல்லைச் சொல்லிவிடுகிறான். அதற்குமேல் உங்களுக்கு என்ன வேண்டும்? உங்கள் பெத்தாவிடம் (பாட்டியிடம்) கேளுங்கள், இதைவிட நல்லது சொல்வா.

சரித்திரக் கதை என்றதும் பலரும் அரசன், வாள், குதிரை என்று போய்விடுகிறார்கள். விருப்பம் என்றால் போகலாம், அதற்கும் இங்கே இடமுண்டு. 1602இல் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தரின் கப்பல் மட்டக்களப்புக் கரைக்கு வந்தது, 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள், 1638இல் கண்டி அரசனோடு சேர்ந்து ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். பத்தே வருடம்! அந்தப் பத்து வருடம் கோட்டைக்கு மீன் விற்ற ஒருத்தியின் கதையை நான் வாசிக்கத் தயார். (சைக்கிளுக்குப் பதிலாகக் கரையில் கட்டிய தோணி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.) ஆனால் புதிதாக எழுதுகிறவருக்கு நான் சொல்வது, உயிரோடு இருக்கிற யாராவது ஒருவர் நினைவில் வைத்திருக்கிற காலத்தை எடுங்கள் என்பதுதான்.

எங்கள் சைக்கிள் வியாழக்கிழமை பூட்டப்பட்டது. அந்த வியாழனை 1978 நவம்பர் 23 ஆக்கிப் பாருங்கள். அன்று வியாழன்தான். அன்றிரவுதான் மட்டக்களப்பைச் சூறாவளி அடித்தது. கடைக்காரர் பின்னேரம் சைக்கிளைப் பார்த்து, நாளைக்கு வந்து எடுப்பான் என்று நினைத்துக் கடையைச் சாத்துகிறார். வாசகருக்கு நாளை என்ன என்று தெரியும், கடைக்காரருக்குத் தெரியாது. நீங்கள் ஒரு பயமுறுத்தும் சொல்கூடப் போடத் தேவையில்லை, திகதியே வேலையைச் செய்யும். அல்லது சைக்கிள் நின்ற ஞாயிறை 2004 டிசம்பர் 26 ஆக்குங்கள், போயா தினம், லீவு நாள், காலை நேரம். சரித்திரக் கதையின் பலம் இதுதான், பாத்திரத்துக்குத் தெரியாத ஒன்று வாசகருக்குத் தெரிந்திருப்பது.

இந்த வகையில் கால் இடறுவது சின்ன விஷயங்களில். 1955இல் நடக்கிற கதையில் "அம்பாறை மாவட்டம், கல்முனை" என்று எழுதினால் பிழை, அம்பாறை தனி மாவட்டமானது 1961இல், அதற்கு முன் கல்முனை மட்டக்களப்பு மாவட்டம். கல்லடிப் பாலம் 1924இல் திறக்கப்பட்டது, ஆகவே 1910இல் உங்கள் கதாநாயகன் பட்டணத்துக்குச் சைக்கிளில் விசுக்கென்று போய்விட முடியாது, தண்ணீரைக் கடக்க வேறு வழி பார்க்கவேண்டும். அந்தக் காத்திருப்பே ஒரு காட்சி. மிளகாய் போர்த்துக்கேயரோடு வந்தது, அதற்கு முந்திய கதையில் மீன் கறி மிளகில்தான் உறைக்கவேண்டும். ஐம்பதுகளில் மைல், இறாத்தல். நெல் என்றால் அவணம், மரைக்கால். இப்படி ஒரு சின்னப் பிழையைக் கண்டுபிடிக்கிற வாசகர் அதற்குப் பிறகு நீங்கள் சொல்கிற பெரிய உண்மையையும் நம்பமாட்டார். பழைய சஞ்சிகை, பத்திரிகை, ஊர் வரலாற்று நூல்கள் எல்லாம் நூலகம் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, விளம்பரங்களையும் சேர்த்து வாசியுங்கள், அந்தக் காலத்து விலைவாசியும் பேச்சும் அதில்தான் இருக்கும்.

இனி ஒரு விஷயம், சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கிழக்கிலே, பூட்டிய சைக்கிள் ஒன்று உரியவர் வராமல் நாட்கணக்கில் நின்றால், நாற்பது வயது தாண்டிய எவரும் பேயை நினைக்கமாட்டார்கள். வருடத்தை 1990, போர்க்காலம், என்று போட்டுவிட்டால் துப்பறியும் கதையும் நகைச்சுவையும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். யார் கொண்டுபோனது என்பது ஊருக்கே தெரிந்திருக்கும், வாய்விட்டுச் சொல்ல முடியாது. அந்த நிலையில் தெரியாததைக் கண்டுபிடிக்கிற கதைக்கு வேலை ஏது? அங்கே எழுதவேண்டியது யதார்த்தம், அதிலும் சைக்கிளை யார் வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போவது, போனால் தன் தலைக்கு என்ன வரும், சப்பாத்தை யார் கையில் கொடுப்பது என்ற மட்டத்தில். நீங்கள் 2005க்குப் பிறகு பிறந்தவர் என்றால் இதை எழுதக்கூடாது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ஒரு பேய்க்கதையின் கடைசி வரியில், அட, அவன் காணாமல் போனவன், என்று திடுக்கிட வைப்பதற்காக மட்டும் இதை எடுக்காதீர்கள். எங்கள் பிள்ளை எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. எந்த வருடம் என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டு எழுதுங்கள். இன்றைய கதை என்றால் கடைக்காரரின் கையில் போனைக் கொடுங்கள், சைக்கிளின் படம் அன்று மாலையே வட்ஸ்அப் குழுவில் போயிருக்கும். அதைச் சொல்லாமல் விட்டால் காலம் குழம்பிவிடும், வாசகர் உங்களைக் கேட்காமலே 1990க்குப் போய்விடுவார்.

காதல் கதையை லேசானது என்று நினைக்கிறவர்கள் ஒரு தொடக்கம் எழுதிப் பார்க்கட்டும். இரண்டு பேருக்கும் பிடித்துப்போவது கதை இல்லை, அவர்களைத் தடுப்பது எது என்பதுதான் கதை. இங்கேதான் இறக்குமதிச் சரக்கு ஒட்டாமல் நிற்கும். தமிழ்நாட்டுக் கதையில் கல்யாணமான பெண் அழுதுகொண்டு புகுந்த வீடு போவாள், மாமியார் கொடுமை தொடங்கும். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வீடு வளவு பெண்ணுக்குச் சீதனம், மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவான், தமிழர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் பெரும்பாலும் இதே வழக்கம். மாமியார் வீட்டுக் கிணற்றடியில் முதல் நாள் காலை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிற மருமகன், அவனை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரிக்கிற மச்சினிச்சிகள். இதை எழுதியவர்கள் எத்தனை பேர்? குடி என்கிற குலப்பிரிவு தாய் வழியில் போகிறது, ஒரே குடியில் பெண் எடுப்பதில்லை. எழுவான்கரைப் பொடியனும் படுவான்கரைப் பிள்ளையும் விரும்புகிறார்கள், பாதையில் தினமும் சந்திக்கிறார்கள், சாதியில் பிரச்சினை இல்லை, காசிலும் இல்லை, கடைசியில் பெரியம்மா ஒருத்தி வந்து, ரெண்டு பேரும் ஒரே குடி, முறைக்கு அண்ணன் தங்கச்சி, என்கிறா. இது வேறெங்கும் கிடைக்காத தடை. சைக்கிள் நிற்பது ஏன், சப்பாத்து யாருக்கு என்பதை உங்கள் கையில் விட்டுவிடுகிறேன், அவளுடைய தம்பிக்கு என்று வைத்தால் நன்றாக ஓடும்.

அறிவியல் புனைவுக்கு றொக்கட் தேவையில்லை. இன்றைய உலகில் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள், அதன் விளைவு, விளைவின் விளைவு என்று விடாமல் பின்தொடருங்கள். மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம், அதற்கும் கடலுக்கும் நடுவில் எழுவான்கரை ஒடுங்கிய ஒரு கீலம். கடல் மட்டம் ஏறி அந்தக் கீலம் மனிதர் இருக்க முடியாததாகிவிட்டது என்று வையுங்கள். முதல் விளைவு எல்லாருக்கும் தெரியும், சனம் படுவான்கரைக்குப் போகும். அதோடு நிறுத்தினால் அது செய்தி. அடுத்தது, வயல் காணிக்கு என்ன விலை? வாவி உப்பேறினால் வேளாண்மை என்னாகும்? இரண்டு கோயில் சனம் ஒரே கோயிலில் சேர்ந்தால் முதல் மரியாதை எந்தக் குடிக்கு? அந்த மூன்றாவது கேள்விக்கு வந்ததும்தான் கதை தொடங்குகிறது. அந்த உலகத்தில் ஆளில்லாக் கரையில் ஒரு சைக்கிளும் புதுச் சப்பாத்தும் நின்றால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள்.

மாயக்கதை, அதாவது மந்திரமும் வேறு உலகமும் வருகிற கதைக்கு ஒரு வார்த்தை போதும்: மந்திரத்துக்கு விலை இருக்கவேண்டும். கொக்கட்டிச்சோலைச் சிவன் கோயிலில் கல் நந்தி புல் தின்றது என்ற கதை எல்லாருக்கும் தெரியும், அதை அப்படியே திருப்பிச் சொன்னால் அது தலபுராணம். எழுந்த நந்திக்கு அடுத்த நாள் என்னானது என்று கேட்டால் உங்கள் கதை. சிறுவர் கதைக்கு முதலில் வாசிக்கிற பிள்ளையின் வயதை முடிவு செய்யுங்கள், ஏழா, பன்னிரண்டா, இரண்டுக்கும் சொல் வேறு, வாக்கிய நீளம் வேறு. சப்பாத்தே பேசுகிற மாதிரி எழுதலாம் என்று எல்லாருக்கும் முதலில் தோன்றும், அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

நகைச்சுவையில் நடக்கிறவர் யாருக்கும் அது பகிடி என்று தெரியக்கூடாது. வெள்ளிக்கிழமை ஒருவர் தன் மீன் பையைச் சைக்கிள் ஹாண்டிலில் தொங்கவிடுகிறார், கொஞ்ச நேரத்துக்குத்தான். சனிக்கிழமை அதன் பாரில் யாரோ 31ஆம் நாள் நினைவஞ்சலி நோட்டீஸ் ஒட்டுகிறார். ஞாயிறு காலை, சைக்கிளை யார் பொறுப்பெடுப்பது என்று தீர்மானிக்கக் கூட்டம், கூட்டத்துக்குத் தலைவர் யார் என்பதில் சண்டை, சண்டை முடிவதற்குள் வண்ணக்கர் (கோயில் நிர்வாகி) இரண்டு தரம் வெளிநடப்புச் செய்துவிடுகிறார். எல்லாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மிகப் பொறுப்பாகப் பேசவேண்டும். நீங்கள் இடையில் வந்து, பார்த்தீர்களா எவ்வளவு வேடிக்கை, என்று காட்டிக்கொடுத்தால் சிரிப்பு வராது.

எந்த வகை என்றாலும் பேச்சைக் கவனியுங்கள். கதை சொல்வது எழுத்துத் தமிழில் இருக்கட்டும், பாத்திரங்கள் பேசும்போது ஊர் வாய் வரட்டும். "ஆர்ர சைக்கிள்கா இது?" என்று மீன்காரி பக்கத்தில் நிற்பவளைக் கேட்பதும், "மறுகா பாப்பம்" என்று கடைக்காரர் தள்ளிப்போடுவதும் ஆளை உடனே கண்முன் நிறுத்தும். காத்தான்குடியிலோ சம்மாந்துறையிலோ நடக்கிற கதை என்றால் உம்மா, வாப்பா, காக்கா, ராத்தா. அங்கே தமிழ் வீட்டு முறைப்பெயரைப் போட்டால் முதல் வரியிலேயே அகப்பட்டுவிடுவீர்கள். அதற்காக எல்லாச் சொல்லையும் சிதைத்து எழுதவேண்டாம், ஒரு வசனத்துக்கு ஒரு ஊர்ச்சொல் போதும், மிச்சத்தை வாசகரின் காது நிரப்பிக்கொள்ளும்.

எல்லாத் தொடக்கமும் எழுதி முடித்ததும் உடனே வாசிக்காதீர்கள். ஒரு கிழமை லாச்சிக்குள் போடுங்கள். பிறகு எடுத்துச் சத்தமாக வாசியுங்கள். எதில் சொல் எல்லையைத் தாண்டி எழுதிக்கொண்டே போயிருக்கிறீர்கள்? எதை முந்நூறு சொல்லுக்கு இழுத்தடித்து நிரப்பியிருக்கிறீர்கள்? அந்தக் கிழமைக்குள் பஸ்ஸில் போகும்போது, சமைக்கும்போது எந்தச் சைக்கிள் மனதுக்குள் வந்தது? எழுதும்போது சுகமாக இருந்தது ஒன்று, நன்றாக வந்திருப்பது வேறொன்று என்றால் நன்றாக வந்திருப்பதை நம்புங்கள், சுகம் பழக்கத்தில் வந்துவிடும். (இதில் என்னோடு சண்டை பிடிக்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். பிடிக்கட்டும்.)

மற்றவருக்குக் கொடுக்கும்போது, எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். நல்லாயிருக்கு என்பார்கள், மச்சான் சூப்பர் என்பார்கள், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அடுத்து என்ன நடக்கும் என்று நினைக்கிறாய் என்று கேளுங்கள். துப்பறியும் தொடக்கத்தை வாசித்தவர் இரண்டு மூன்று பேரைச் சந்தேகப்பட்டால் வேலை நடந்திருக்கிறது. ஒருவரைக்கூடச் சந்தேகிக்கவில்லை என்றால் தடயம் போதாது. பேய்க்கதையை வாசித்தவர், ஆனால் பையை வேறு யாராவது திறந்திருக்கலாம்தானே, என்று தானாகவே விளக்கம் தேடினால் நீங்கள் வென்றுவிட்டீர்கள். காதல் கதைக்கு, அந்தப் பெரியம்மா சொல்வது சரிதானா என்று அவர் கோபப்பட்டால் போதும். வாசிக்கக் கொடுக்கிற ஆளும் அந்த வகையை வழக்கமாக வாசிக்கிறவராக இருக்கவேண்டும். சரித்திரக் கதையைப் பிடிக்காதவரிடம் சரித்திரத்தைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்பது வீண்.

இரண்டு வகை சமமாக இழுத்தால் இரண்டையும் கலக்கலாம், ஆனால் ஒன்று ஓட்டவேண்டும், மற்றது பின்னால் இருக்கவேண்டும். 1978 சூறாவளிக்குள் ஒரு துப்பறியும் கதை என்றால், கடைசிப் பக்கம் விடை சொல்லவேண்டியது சைக்கிள்காரன் யார் என்பதற்கு; சூறாவளி தடயங்களை அடித்துக்கொண்டு போகிற வேலையைச் செய்யும். சூறாவளியே பெரிதாகி, சைக்கிளை நீங்களே மறந்துவிட்டீர்கள் என்றால் உங்களுக்கு வருவது சரித்திரம், துப்பறிதலை எடுத்துவிடுங்கள்.

தேர்ந்த பிறகு உடனே நாவலுக்குப் பாயவேண்டாம். அந்த வகையில் ஒரு முழுச் சிறுகதை, இரண்டாயிரம் சொல்லுக்குள், முடிவோடு. அதோடு அதே வகையில் மற்றவர்கள் எழுதியதை இப்போது வாசியுங்கள், முன்பு வாசித்த மாதிரி இல்லாமல், இவர் இந்தத் தடயத்தை எந்தப் பக்கத்தில் வைத்தார் என்று பென்சிலோடு. மகுடம், ஜீவநதி, ஞானம் போன்ற சஞ்சிகைகளின் பழைய இதழ்களைப் புரட்டினால் ஈழத்துச் சிறுகதையில் எந்த வகை குவிந்து கிடக்கிறது, எது ஆளில்லாமல் கிடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். யதார்த்தக் கதைக்குப் பஞ்சமில்லை, நல்ல துப்பறியும் கதையைத்தான் தேடவேண்டியிருக்கும். சஞ்சிகைக்கோ போட்டிக்கோ அனுப்பும்போது அவர்கள் சொன்ன சொல் எண்ணிக்கையை மீறாதீர்கள், யூனிகோட் எழுத்துருவில் தட்டச்சு செய்யுங்கள், அனுப்பியதன் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரும்வரை சும்மா இருக்காமல் அடுத்த கதையைத் தொடங்கிவிடுங்கள், இந்தத் தடவை சைக்கிள் இல்லாமல்.